பழைய கத்தோலிக்கத் தேவாலயங்களில் பொதுமக்கள் போகாத இடங்களைப் படம் எடுக்க என்ன செய்ய வேண்டும்?

மணிக்கூண்டு, கூரையின் உட்புறம், நிலவறை இவற்றுக்குள் போக அனுமதி கிடைக்குமா, எந்த கேமரா வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேமராவைப் பிறகு பார்ப்போம். சாவி யார் கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அனுமதி தருபவர் பங்குத்தந்தை. ஆனால் எந்தப் படி ஆடும், எந்தக் கதவை எப்படித் தள்ளினால் திறக்கும் என்பது கோவிலைப் பராமரிக்கும் கோவில்பிள்ளைக்குத்தான் தெரியும். இருவரையும் நேரில் பாருங்கள், பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு. முன்பு எடுத்த படங்களில் நான்கைந்தை அச்சடித்துக் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்த மாதிரி. சில நாடுகளில் கட்டடமே திருச்சபைக்குச் சொந்தமில்லை. பிரான்சில் 1905 சட்டத்தின்படி பெரும்பாலான பேராலயங்கள் அரசின் சொத்து, பழைய பங்குக் கோவில்கள் உள்ளாட்சியின் சொத்து. அங்கே சாமியார் தலையசைத்தாலும் கூரைக்கு ஏற இன்னொரு கையெழுத்து வேண்டும். திருட்டுத்தனமாக ஏறி எடுப்பவர்களும் உண்டு. அவர்களால்தான் அடுத்து வருபவருக்குக் கதவு மூடிக்கொள்கிறது.

என் மனதுக்கு மிக நெருக்கமான இடம், கல் விதானத்துக்கும் ஓட்டுக் கூரைக்கும் நடுவில் இருக்கும் இருட்டு. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வளைவுகள் கூப்பிய கைகள்போல அவ்வளவு நேர்த்தியாக இருக்கும். மேலே ஏறிப் பார்த்தால் அதே விதானம் கவிழ்த்து வைத்த பெரிய பானைகளின் முதுகுபோலக் கரடுமுரடாக, சுண்ணாம்புச் சாந்து வழிந்து காய்ந்தபடி கிடக்கும். இந்தப் பக்கத்தை யாரும் பார்க்கப் போவதில்லை என்று கொத்தனாருக்குத் தெரியும். அதனால் பூசி மறைக்கவில்லை. ஒரு கோவிலில் சாந்தின் மேல் நான்கு விரல்கள் இழுத்த தடம் அப்படியே இருந்தது. என் கையை அதன் மேல் வைக்காமல் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் கையைவிடச் சின்னக் கை.

மரச் சட்டங்களில் உளியால் வெட்டிய ரோமன் எண்களைத் தேடுங்கள். தச்சர்கள் கீழே தரையில் முழுச் சட்டத்தையும் பொருத்திப் பார்த்து, எண் வெட்டி, பிரித்து, மேலே ஏற்றி அதே வரிசையில் மறுபடி பூட்டுவார்கள். அந்த எண்களை நேர் வெளிச்சத்தில் எடுத்தால் ஒன்றும் தெரியாது. டார்ச்சை மரத்தோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். ஒவ்வொரு வெட்டும் நிழலோடு எழுந்து நிற்கும். கற்களில் கொத்தர்கள் போட்ட குறிகளுக்கும் இதே வழிதான்.

விதானத்தின் நடுவில் வட்டமாக ஒரு துளை இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். ஆல்ப்ஸ் பகுதிக் கோவில்களில் இதைத் தூய ஆவியின் துளை என்பார்கள். தூய ஆவியார் பெருவிழா அன்று மரப்புறாவைக் கயிற்றில் கட்டி இதன் வழியாக மக்கள் தலைக்கு மேல் இறக்குவார்கள். கயிறு உரசி விளிம்பு தேய்ந்திருந்தால், எத்தனையோ ஆண்டு விழாக்கள் அந்த ஒரு பள்ளத்தில் இருக்கின்றன.

பாரிஸ் நோத்ர் தாம் பேராலயத்தின் கூரைக்குள் இருந்த மரச்சட்டத்தைக் ‘காடு’ என்றே அழைத்தார்கள். 2019 ஏப்ரல் 15 அன்று மாலை அது எரிந்துபோனது. ஆனால் கலை வரலாற்றாளர் ஆண்ட்ரூ டாலன் 2010-லேயே அந்தக் கட்டடத்தை லேசரால் அளந்து வைத்திருந்தார். 2014-ல் ரெமி ஃப்ரோமோன், செட்ரிக் ட்ரான்ட்சோ என்ற இரு கட்டடக் கலைஞர்கள் அந்த மரச்சட்டத்தை விவரமாக அளந்து வரைந்திருந்தார்கள். கூரையைத் திரும்பக் கட்டியபோது அந்த அளவுகள் கை கொடுத்தன. 2024 டிசம்பரில் பேராலயம் மறுபடி திறந்தது. சார்த்ர் பேராலயத்தின் பழைய மரக்கூரையோ 1836 தீயில் போனது. அதன் இடத்தில் இன்று இருப்பது இரும்புச் சட்டம். புகைப்படக் கலை பரவுவதற்கு முன்பே எரிந்த அந்த மரத்துக்குப் படம் என்று ஒன்று இருக்க வழியே இல்லை. ‘நான் எடுக்கும் படம் யாருக்கு உதவப் போகிறது’ என்று தோன்றும்போதெல்லாம் இந்த இரண்டு கூரைகளையும் நினைத்துக்கொள்வேன்.

இனி கேமரா. முக்காலி இருந்தால் சாதாரண கேமராவே போதும். ஐஎஸ்ஓ 100, துளை எஃப்/8, தேவைப்பட்டால் ஷட்டரை முப்பது விநாடி வரை திறந்து வைக்கலாம். மணிக்கூண்டின் பலகைச் சட்ட ஜன்னல்கள் வழியே வெயில் கீற்றாக வரும், மற்றதெல்லாம் கும்மிருட்டு. அங்கே இரண்டு இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி) இடைவெளியில் மூன்று அல்லது ஐந்து படம் எடுத்துப் பிறகு ஒன்றாக இணையுங்கள். மரத் தளத்தில் நிற்கும்போது உங்கள் உடல் எடையே எதிரி. கால் மாற்றி வைத்தால்கூடப் படம் கலங்கும். முக்காலியின் கால்களை உத்தரத்துக்கு நேர் மேலே ஊன்றி, மூச்சை அடக்கி நில்லுங்கள். லென்ஸை மேலே மாற்ற வேண்டாம், நூற்றாண்டுத் தூசி சென்சாரில் வந்து உட்காரும். ஃப்ளாஷ் எனக்குப் பிடிக்காது. அந்த இடத்தில் எது வெளிச்சம், எது இருட்டு என்பதையே அது அழித்துவிடுகிறது. படத்தை நீலமாக்கிப் புகை சேர்த்துப் பேய் வீடுபோலக் காட்டுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அது ஆட்கள் வேலை செய்த இடம்.

மேலே ஆபத்து நிஜம். சில விதானங்கள் கல்லே அல்ல, மெல்லிய மரப்பட்டிகளில் அடித்த சுண்ணாம்புப் பூச்சு. கால் வைத்தால் நேராகப் பீடத்தின் முன் விழுவீர்கள். “பலகையை விட்டு இறங்காதீங்க சார்” என்று கோவில்பிள்ளை சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. புறா எச்சத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், முகக்கவசம் போடுங்கள். வௌவால் குட்டி போடும் காலத்தில் ஏற வேண்டாம். மணிக்கு மோட்டார் இருந்தால் அதை அணைத்துவிட்டார்களா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். நான் ஒருமுறை கேட்காமல் ஏறினேன். பகல் பன்னிரண்டுக்கு மூவேளைச் செப மணி, மூன்று மூன்றாக, என் தலைக்கு இரண்டடி மேலே அடித்தது. இரண்டு நாள் காதில் இரைச்சல் ஓயவில்லை.

சக்ரீஸ்து, அதாவது பூசை உடைகளும் பாத்திரங்களும் வைக்கும் அறை, எளிதாகக் கிடைக்கும் இடம், ஆனால் அதிக மரியாதை கேட்கும் இடம். மூலையில் மூடி போட்ட சின்னத் தொட்டி ஒன்று இருக்கலாம். அதன் குழாய் சாக்கடைக்குப் போகாது, நேராக மண்ணுக்குள் இறங்கும். திருப்பாத்திரத் துணிகளை முதலில் அலசிய நீரை அங்கேதான் ஊற்றுவார்கள். அந்த மூடியைத் திறக்கும் கைகளை எடுத்த படம்தான் இதுவரை நான் எடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது. திருமுழுக்குப் பதிவேடு மேசையில் திறந்திருந்தால் மூடச் சொல்லுங்கள். ஒருமுறை வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோது ஒரு குடும்பத்தின் பெயர்களும் குறிப்புகளும் தெளிவாகத் தெரிந்தன. அந்தப் படத்தை அழித்துவிட்டேன்.

நிலவறைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வத்திக்கானில் புனித பேதுரு பேராலயத்தின் அடியில் உள்ள பழங்கல்லறைகளில் பார்வையாளர்கள் படம் எடுக்கக் கூடாது. மற்ற இடங்களில் அனுமதி இருந்தாலும் எலும்புகளை நான் எடுப்பதில்லை. சுவரை, படிகளை, மெழுகு வழிந்த மாடத்தை எடுப்பேன்.

கடைசியாக ஒன்று. எடுத்த படங்களில் நாள், இடம், எந்தத் திசை பார்த்து எடுத்தது என்று பின்னால் எழுதி ஒரு பிரதியைக் கோவிலுக்குக் கொடுங்கள். நான் திரும்பத் திரும்பப் போகும் ஒரு கோவிலில், முதல் வருடப் படத்தில் ஓர் உத்தரத்தின் முனையில் உள்ளங்கை அளவு ஈரக்கறை இருந்தது. இரண்டாம் வருடப் படத்தில் அது ஒரு முழம். இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டியதும் பங்குத்தந்தை அன்றே தச்சரை வரவழைத்தார். போன முறை ஏறியபோது அழுகிய முனையை அறுத்துப் புது மரம் கோத்திருந்தார்கள். கறுத்த உத்தரத்தின் நுனியில் அது மட்டும் வெளிறித் தெரிந்தது. முக்காலியைப் பழைய இடத்திலேயே ஊன்றி மூன்றாவது படத்தையும் எடுத்துவந்தேன்.