கடலோரத்தில் கல்யாணம்: முன்பணம் கட்டும் முன் மணல் யாருடையது என்று பாருங்கள்

கேள்வி: எனக்கும் என் வருங்காலக் கணவருக்கும் ஆவணியில் நிச்சயதார்த்தம் முடிந்தது. கார்த்திகைக் கடைசியில் திருமணம். நான் மதுரையில் இருக்கிறேன். அவர் சென்னையில் வேலை பார்க்கிறார். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டைப் பார்த்தோம். "பிரைவேட் பீச்" இருக்கிறது, அலைக்குப் பக்கத்திலேயே மேடை போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். மொத்தம் 9 லட்சம். 50,000 ரூபாய் டோக்கன் கொடுத்துவிட்டோம். வெள்ளிக்கிழமைக்குள் இன்னும் 4 லட்சம் கட்ட வேண்டுமாம். ரசீதின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில், "எக்காரணம் கொண்டும் முன்பணம் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று அச்சிட்டிருக்கிறது. இன்னொரு மண்டபமும் பார்த்து வைத்திருக்கிறோம். மொட்டைமாடியிலிருந்து கடல் தெரியும், ஆனால் மணலில் இறங்க முடியாது, ஒரு லட்சம் அதிகம். 60 நாளுக்கு முன் ரத்து செய்தால் முக்கால் பங்கு திருப்பித் தருவார்களாம். அப்பா ரிசார்ட்டுக்கே கட்டிவிடலாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: வெள்ளிக்கிழமை அந்த நான்கு லட்சத்தைக் கட்டாதீர்கள். ரிசார்ட்டையே கைவிடுங்கள் என்று சொல்லவில்லை. வாயால் சொன்ன ஒவ்வொன்றும் எழுத்தில் வரும்வரை பணம் உங்கள் கையில் இருக்கட்டும் என்கிறேன். பணம் கொடுப்பதற்கு முன்பு கேட்கும் கேள்விக்குக் கிடைக்கும் மரியாதை, கொடுத்த பிறகு அனுப்பும் வக்கீல் நோட்டீசுக்குக் கிடைப்பதில்லை என்பதை இத்தனை ஆண்டுத் தொழிலில் நன்றாகப் பார்த்துவிட்டேன்.

முதலில் அந்த "பிரைவேட் பீச்". தமிழ்நாட்டில் கடற்கரை மணல் பொதுவாக அரசுப் புறம்போக்கு நிலம். ரிசார்ட்டின் பட்டா அதன் சுற்றுச்சுவரோடோ வேலியோடோ முடிந்துவிடும். கடற்கரையும் ஓடும் நீரும் காடும் மக்கள் அனைவருக்குமான பொதுச் சொத்து, அரசு அவற்றின் அறங்காவலர் மட்டுமே என்று கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி ஆண்டுகள் பல ஆகின்றன. ஆகவே வேலிக்கு அப்பால் உள்ள மணலை உங்களுக்கு வாடகைக்கு விட அந்த நிர்வாகத்துக்கு உரிமை இருக்க வாய்ப்பில்லை. உறுதி செய்துகொள்வது எளிது. சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, தமிழக அரசின் "எங்கிருந்தும் எந்நேரமும்" இணையச் சேவையில் பட்டாவையும் அ-பதிவேட்டையும் பாருங்கள். அந்த எண்ணுள்ள நிலம் யார் பெயரில் இருக்கிறது, புறம்போக்கா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் கையில் வைத்துக்கொண்டு, மேடை போடுவதாகச் சொன்ன இடத்தில் நின்று பாருங்கள். நிற்கும் இடம் எல்லைக் கோட்டுக்கு வெளியே என்றால், நீங்கள் 9 லட்சம் கொடுக்கவிருப்பது அவர்களுடையதாக இல்லாத ஓர் இடத்துக்கு.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு தம்பதியின் கைபேசியில் ஒரு படம் இருந்தது: வாழைமரம் கட்டிய மேடை, அதற்கு ஐந்தடி தள்ளி மணலில் நீளமாகக் கிடக்கும் கரைவலை, வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருக்கும் பெண்கள். விடியற்காலையில் அந்த ஊர் மீனவர்கள் வழக்கம்போல் வலை இழுத்திருக்கிறார்கள். ரிசார்ட்டின் காவலாளி அவர்களை விரட்டப் பார்க்க, வாக்குவாதம் முற்றி, தாலி கட்டும் நேரத்தில் காவல்துறை வந்திருக்கிறது. அந்த மணல் தலைமுறை தலைமுறையாக அம்மீனவர்களின் தொழிலிடம்; தவறு அவர்கள் மீது துளியும் இல்லை. ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். "இடம்: மெயின் லான்" என்ற இரண்டே சொற்கள். கடற்கரை என்ற பேச்சே அதில் இல்லை.

இதோடு மத்திய அரசின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் சேர்ந்துகொள்கிறது. 2011, 2019 ஆகிய இரு அறிவிக்கைகளின்படியும், அலை அதிகபட்சமாக ஏறும் இடமான உயர் அலைக் கோட்டிலிருந்து நிலத்தின் பக்கமாக 500 மீட்டர் வரை கட்டுமானங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஊர்ப்புறக் கடற்கரைகளில் அதற்குள்ளேயே வளர்ச்சித் தடை மண்டலம் என்ற இன்னும் கடுமையான பகுதியும் உண்டு. எனவே ரிசார்ட்டுக்கு இந்த அறிவிக்கையின் கீழ் அனுமதி இருக்கிறதா, கட்டட அனுமதி இருக்கிறதா என்று நகல் கேளுங்கள். கல்யாண வீட்டார் இதையெல்லாம் கேட்க வேண்டுமா என்று உங்கள் அப்பாவுக்குத் தோன்றலாம். ஆலப்புழை மாவட்டத்தில் வேம்பநாட்டுக் காயலின் நெடியதுருத்துத் தீவில் 54 வில்லாக்களோடு நின்ற ஒரு சொகுசு ரிசார்ட்டை இடிக்கும் உத்தரவை 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2022இல் இடிப்பும் தொடங்கியது. விதிமீறல் அவர்களுடையதாக இருந்தாலும், முகூர்த்த நாளுக்கு முந்தைய வாரம் வாசலில் முத்திரை விழுந்தால் தவிப்பது உங்கள் குடும்பம்தான்.

முகூர்த்த நேரத்தை நீங்கள் எழுதவில்லை. காலை 4.30 முதல் 6 என்று குறித்திருந்தால் இதைக் கவனியுங்கள். ஒலி மாசு விதிகள், 2000இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். இசைக்கருவிகளும் அந்தத் தடைக்குள் வருகின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு, கடற்கரை மேடைக்கு இல்லை. கெட்டிமேளம் முழங்க வேண்டிய கணத்தில் யாரோ புகார் கொடுத்தார்கள் என்று தவிலை நிறுத்தச் சொல்வதைவிட மனவருத்தம் வேறில்லை. பஞ்சாங்கத்தில் 6 முதல் 7.30 முகூர்த்தம் கிடைக்குமானால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்த்திகைக் கடைசியில் சூரியனும் 6 மணி தாண்டித்தான் கடலிலிருந்து எழும். முந்தைய மாலை ரிசப்ஷனின் பாட்டுக் கச்சேரியும் 10 மணிக்குள் முடிய வேண்டும்.

இனி, திருப்பித் தர மாட்டோம் என்ற அந்தச் சிறிய எழுத்து. அச்சிட்டுவிட்டதாலேயே அது சட்டமாகிவிடாது. புதுப் புடவையைத் தொலைத்த ஒரு சலவை நிறுவனம், ரசீதின் பின்பக்கம் அச்சிட்டிருந்தபடி மதிப்பில் ஒரு பகுதி மட்டுமே தருவோம் என்று வாதிட்டபோது, அத்தகைய நிபந்தனை பொதுநலனுக்கு விரோதமானது என்று 1960களிலேயே சென்னை உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறியவரிடமிருந்து நியாயமான இழப்பீட்டை மட்டுமே பெற முடியும் என்கிறது. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை அதற்கு உச்சவரம்புதான். ஃபதேசந்த் வழக்கில் (1963) வீட்டை விற்க ஒப்பந்தம் போட்டவர், உறுதிப்பணமாக (உங்கள் டோக்கன் போல) வாங்கிய 1,000 ரூபாயையும் விலையில் ஒரு பகுதியாக வாங்கிய 24,000 ரூபாயையும் சேர்த்துப் பறிமுதல் செய்யப் பார்த்தார். உச்ச நீதிமன்றம் 1,000 ரூபாயை வைத்துக்கொள்ள விட்டது, 24,000 ரூபாயை விடவில்லை. உங்கள் நிலைக்கு அப்படியே பொருந்தும் பாடம் இது: 50,000 ரூபாய் டோக்கன் போனாலும் போகலாம், நான்கு லட்சத்தை மொத்தமாக விழுங்க அவர்களுக்கு எளிதில் முடியாது.

2015இல் கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் வழக்கு இன்னும் ஒரு படி மேலே போனது. ஏலத்தில் ஒருவர் கட்டிய 78 லட்சம் ரூபாய் உறுதிப்பணத்தை டெல்லி வளர்ச்சி ஆணையம் பறிமுதல் செய்தது. ஆனால் அதே மனையைப் பிறகு பல மடங்கு விலைக்கு விற்றது. நட்டமே இல்லாதபோது பறிமுதல் எதற்கு என்று கேட்ட உச்ச நீதிமன்றம் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. கார்த்திகை முகூர்த்த நாளை நீங்கள் விட்டுக்கொடுத்து, அதை வேறொரு கல்யாண வீட்டாருக்கு ரிசார்ட் வாடகைக்கு விட்டுவிட்டால், உங்களுக்கும் இதே வாதம் உண்டு. ஆயினும் இவை வழக்காடிப் பெறும் உரிமைகள். நாளைக்கு அலைவதைவிட இன்றைக்கு ஒரு வரி எழுதி வாங்குவது மேல்: "இத்தனை நாளுக்கு முன் ரத்து செய்தால் இத்தனை விழுக்காடு, அதே நாள் வேறொருவருக்கு விடப்பட்டால் டோக்கன் நீங்கலாக முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்." இரண்டாவது மண்டபம் கேளாமலே இதில் பாதியைத் தருகிறது, அந்த ஒரு லட்சம் கூடுதலை இந்தக் கண்ணோடும் பாருங்கள்.

கார்த்திகை புயல் மாதம். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்ததே மாமல்லபுரத்தை ஒட்டித்தான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கடந்தது. இரண்டும் கார்த்திகையில். ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி நிறைவேற்ற இயலாமல் போன ஒப்பந்தம் செல்லாது. 65ஆம் பிரிவின்படி வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆனால் "உள்ளே ஹால் திறந்துதான் இருந்தது, நீங்கள்தான் வரவில்லை" என்று ரிசார்ட் சொன்னால், அல்லது "கார்த்திகையில் மழை வரும் என்று தெரியாதா" என்று கேட்டால், அந்தப் பிரிவுகளை மட்டும் நம்பி வழக்கை வெல்வது கடினம். ஆகவே எழுதிக்கொள்ளுங்கள்: செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தாலோ, மாவட்ட ஆட்சியர் கடற்கரைக்குச் செல்லத் தடை விதித்தாலோ, கூடுதல் கட்டணமின்றி உள்ளரங்கம், அல்லது ஆறு மாதத்துக்குள் வேறு நாள், அல்லது பணத்தைத் திரும்பப் பெறுவது, மூன்றில் எது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. அந்த உள்ளரங்கம் எத்தனை பேரைக் கொள்ளும் என்பதையும் எண்ணால் எழுதச் சொல்லுங்கள். 600 பேருக்கு அழைப்பிதழ் அடித்துவிட்டு 150 நாற்காலி ஹாலில் நிற்க முடியாது.

சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டியது: திருமணமே தள்ளிப்போனாலோ நின்றுபோனாலோ அது 56ஆம் பிரிவுக்குள் வருவது அரிது, அப்போதும் உங்களைக் காப்பது மேலே சொன்ன ரத்து நிபந்தனைதான். பணத்தை அப்பா கட்டினால் ரசீதும் ஒப்பந்தமும் அவர் பெயரிலேயே இருக்கட்டும், மணமக்கள் இருவர் பெயரும் பயனாளிகளாகக் குறிக்கப்படட்டும். சேவையின் பயனாளியையும் நுகர்வோர் என்றே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கொள்கிறது. ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி எண்ணோடு கூடிய முன்பண ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

தகராறு வந்துவிட்டால், அதே சட்டத்தின்கீழ் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே நீங்கள் முறையிடலாம். புகார்தாரர் வசிக்கும் ஊரில் வழக்குத் தொடுக்க இப்போது உரிமை இருப்பதால், சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் நடுவர் மூலமே தீர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாலும் அது ஆணையத்தின் கதவை அடைக்காது. "பிரைவேட் பீச்" என்று போட்ட விளம்பரத்தையும், வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய மேடைப் படங்களையும் அழிக்காமல் வைத்திருங்கள். தவறான விளம்பரத்துக்கும் சேவைக் குறைபாட்டுக்கும் அவைதான் சாட்சி.

இன்றே ரிசார்ட்டுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மேடை அமையும் இடத்தைப் புலப்படத்தில் குறித்துத் தருவது, அனுமதி நகல்கள், ரத்து நிபந்தனை, புயல் நிபந்தனை என நான்கையும் கேளுங்கள். இவை வந்த மறுநாளே பணம் செலுத்தத் தயார் என்றும் எழுதுங்கள். நேர்மையாகத் தொழில் செய்பவர்களுக்கு இது இரண்டு நாள் வேலை. மேடை லானுக்குள்தான் என்று ஒப்புக்கொண்டு, மற்றவற்றையும் எழுதித் தந்தால், அப்பாவின் விருப்பப்படியே அங்கு நடத்துங்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றாலும் கடல் தெரியும், காற்றும் வரும். வெள்ளிக்கிழமை மாலைவரை பதிலே வராவிட்டால், டோக்கனைத் திருப்பிக் கேட்டு அதே மின்னஞ்சலில் எழுதிவிட்டு, சனிக்கிழமை காலை அந்த மொட்டைமாடி மண்டபத்தின் ஒப்பந்தப் படிவத்தை வாங்கி வாருங்கள்.