கண்ணாடி பழகவில்லையா, பொருந்தவில்லையா?

கேள்வி: எனக்கு 47 வயது, தையல் கடை வைத்திருக்கிறேன். இருபது வருடமாகக் கிட்டப்பார்வைக்கு மைனஸ் 2.5 கண்ணாடி போடுகிறேன். ஊசி கோக்கும்போது மட்டும் கழற்றிவிடுவேன். இப்போது கண்ணாடியோடு படித்தால் எழுத்து மங்கியதால் டாக்டரிடம் போனேன். இரண்டு கண்ணுக்கும் புதிதாக சிலிண்டர் 1 (ஆக்சிஸ் வலது 40, இடது 140) சேர்த்து, தூரமும் கிட்டமும் ஒரே லென்ஸில் தெரியும் புரோகிரசிவ் எழுதினார். போட்டு மூன்று வாரம் ஆகிறது. தரை சரிவாகத் தெரிகிறது, படி இறங்கப் பயமாக இருக்கிறது, வெட்டும் மேஜையில் துணியின் ஓரம் வளைகிறது, மதியத்துக்குள் தலைவலி வந்துவிடுகிறது. கடையில் கேட்டால், 'போகப் போகப் பழகிடும்மா' என்கிறார்கள். நான்தான் பழகத் தெரியாமல் இருக்கிறேனா?

பதில்: இல்லைம்மா. அந்த எண்ணத்தை முதலில் விடுங்கள். 'பழகிடும்' என்பது பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பி எத்தனையோ பேர் காசு கொடுத்து வாங்கிய கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பழையதையே போட்டுக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள்.

மூளை பழகும் என்பது நிஜம்தான். ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1890களில் உலகத்தையே தலைகீழாகக் காட்டும் லென்ஸை எட்டு நாள் போட்டுப் பார்த்தார். முதலில் தடுமாறியவர், கடைசி நாட்களில் அதோடு நடமாடவும் வேலை செய்யவும் முடிந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். ஒரே மாதிரி தொடர்ந்து வரும் கோணலை மூளை கற்றுக்கொண்டு சரிசெய்துவிடும். ஆனால் மங்கலைத் தெளிவாக்க அதனால் முடியாது, ஒரு கண்ணின் படம் மேலேயும் இன்னொன்று கீழேயும் விழுந்தால் அதையும் ரொம்ப நேரம் தாங்காது. உங்கள் விஷயத்தில் எது நடக்கிறது என்பதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தரைச் சரிவை எடுத்துக்கொள்வோம். சிலிண்டர் என்பது ஒரு திசையில் மட்டும் உள்ள மங்கலைச் சரிசெய்யும் பவர், ஆக்சிஸ் என்பது அது லென்ஸில் எந்தக் கோணத்தில் அமைய வேண்டும் என்ற எண். சாய்ந்த ஆக்சிஸில் வரும் சிலிண்டர், படத்தை ஒரு திசையில் அதிகமாகவும் மற்ற திசையில் குறைவாகவும் பெரிதாக்கும். அதனால் நேர்க்கோடு லேசாகச் சாயும். உங்களுக்கு வலது 40, இடது 140, அதாவது இரண்டு கண்ணிலும் எதிரெதிர்ப் பக்கமாகச் சாயும். இந்த வித்தியாசத்தை மூளை 'தரை சரிகிறது' என்று படித்துக்கொள்கிறது. வீட்டில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தரையைப் பாருங்கள், அப்புறம் மற்ற கண்ணை மூடிப் பாருங்கள். தனித்தனியாகப் பார்க்கும்போது சரிவு பெரும்பாலும் போய்விட்டால் இதுதான் காரணமாக இருக்கும். இந்த வகைச் சரிவு பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் தணியும், நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். பத்தாம் நாள் தலைவலி முதல் நாள் மாதிரியே இருந்தால் அதைப் பழக்கத்தின் கணக்கில் எழுதக் கூடாது. உங்களுக்கு மூன்று வாரமே ஆகிவிட்டது.

அதனால் இந்த வாரமே டாக்டரின் சீட்டு, பழைய கண்ணாடி, பில் மூன்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். லென்ஸை அளக்கும் லென்ஸோமீட்டர் கருவியில் வைத்துப் பவரையும், முக்கியமாக ஆக்சிஸையும் சீட்டோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆக்சிஸ் 10 டிகிரி விலகினாலே சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு சரியாகாமல் மிஞ்சும், 30 டிகிரி விலகினால் சிலிண்டரே போடாத அளவுக்கு மங்கல் அப்படியே நிற்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டியிடம் 'பழகிடும் பாட்டி' என்று சொல்லி அனுப்பினேன். ஆறு மாதம் கழித்து அவர் கண்ணாடியை வாங்கிப் பார்த்தால், 80 என்று நான் எழுதிய ஆக்சிஸை 30 என்று படித்து லென்ஸை அரைத்திருக்கிறார்கள். கண்ணாடி போடாமலே இருந்திருந்தால் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். ஆறு மாதமும் தன் மேல்தான் தப்பு என்று நினைத்திருந்தார். அதற்குப் பிறகு கண்ணாடியைக் கையில் வாங்கிப் பார்க்காமல் அந்த வார்த்தையை நான் சொல்வதில்லை.

அடுத்து பொருத்தம். புரோகிரசிவில் மேலே தூரம், கீழே கிட்டம், நடுவில் இரண்டையும் இணைக்கும் ஒடுக்கமான பாதை. ஓரங்களில் கோணல் இருந்தே தீரும், எவ்வளவு விலை கொடுத்தாலும் முழுதாகப் போகாது. அந்தப் பாதை உங்கள் கண்பாவைக்கு நேராக அமைய வேண்டும். ஒவ்வொரு லென்ஸிலும் கண்ணுக்கு எளிதில் படாத இரண்டு சிறு குறிகள் 34 மி.மீ. இடைவெளியில் செதுக்கியிருப்பார்கள். அதை வைத்து லென்ஸில் மறுபடி புள்ளி போட்டு, கண்ணாடியை உங்கள் முகத்தில் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், மேஜையில் வைத்துப் பார்த்தால் போதாது. படிக்கும்போது நீங்கள் தாடையைத் தூக்கினால் லென்ஸ் தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது, தூரம் பார்க்கத் தாடையை உள்ளே இழுத்தால் உயரமாக இருக்கிறது. சில சமயம் வியர்வையில் ஃபிரேம் மூக்கில் வழுக்கி இரண்டு மூன்று மி.மீ. இறங்குவதே காரணமாக இருக்கும், மூக்குத்தாங்கியை அழுத்திச் சரிசெய்தால் தீர்ந்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் தலைவலி நிற்கவில்லையென்றால் டாக்டரிடமே திரும்பிப் போங்கள். இருபது வருடம் சிலிண்டர் இல்லாமல் இருந்தவருக்கு முதலில் பாதி சிலிண்டர் கொடுத்து, அடுத்த முறை ஏற்றுவது வழக்கத்தில் உள்ளதுதான். பவர் எழுதும் முன் சோதனை ஃபிரேமைப் போட்டுக்கொண்டு வராந்தாவில் பத்து நிமிஷம் நடந்து, படியும் இறங்கிப் பாருங்கள். வெளியே இருபது பேர் காத்திருந்தாலும் அந்தப் பத்து நிமிஷத்தைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தையல்காரருக்கு நாள் முழுக்க புரோகிரசிவ் வசதிப்படாது. வெட்டும் மேஜையில் துணியை விரித்து இடமும் வலமுமாகப் பார்க்கும் வேலை உங்களுடையது, புரோகிரசிவோ பக்கவாட்டில்தான் பலவீனம். மேஜைக்கும் மெஷினுக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து கொண்டுபோய், அந்தத் தூரத்துக்கு ஒரே பவரில் தனிக் கண்ணாடி கேளுங்கள். புரோகிரசிவை வெளியே போக வைத்துக்கொள்ளலாம், படி இறங்கும்போது கண்ணை மட்டும் தாழ்த்தாமல் தலையையே குனிந்து பாருங்கள். ஊசி கோக்க வழக்கம்போலக் கழற்றிவிடுங்கள். மைனஸ் 2.5 உள்ள வெறும் கண் சுமார் 40 செ.மீ. தூரத்தில் தானாகவே பார்க்கும், கிட்டத்து எழுத்து மங்கும் சாளேஸ்வரம் வந்த வயதில் அது உங்களுக்குக் கிடைத்த வசதி.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. சர்க்கரை அதிகமாக இருந்தபோது கண்ணாடி மாற்றினோம். மாத்திரை மாற்றி சர்க்கரை இறங்கியதும் அந்தக் கண்ணாடியில் எதுவும் சரியாகத் தெரியவில்லை என்கிறார். பவர் தப்பா?

பதில்: சோதித்த அன்றைக்கு அது சரியாகவே இருந்திருக்கும். சர்க்கரை ஏறும்போது கண்ணுக்குள் உள்ள லென்ஸின் நீர்ச்சத்து மாறிப் பவரும் மாறும், இறங்கும்போது மறுபடி மாறும். பழைய நிலைக்கு வரச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை எந்தக் கண்ணாடியில் தெரிகிறதோ அதைப் போட்டுக்கொள்ளட்டும், சர்க்கரை ஒரு நிலைக்கு வந்தபின் இரண்டு வெவ்வேறு நாளில் பவர் பாருங்கள், இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் லென்ஸ் போடுங்கள். அதே நேரம் சொட்டு மருந்து விட்டு விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள், கண்புரை ஆரம்பித்திருக்கிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும். திடீரென்று ஒரு கண்ணில் மட்டும் பார்வை குறைந்தால் எதற்கும் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.