கேள்வியும் பதிலும்: பட்டணத்தில் ஒரு திறந்த கூடம்

கேள்வி: ஐயா, இராமநாதபுரத்தில் குடியேறியுள்ள காட்டுநாயக்கர் பழங்குடி இளைஞர்கள் எந்த நேரமும் வந்து போகும் ஓர் இடத்தை நடத்த விரும்புகிறோம். வெளிநாடுகளில் இதற்கு முன்மாதிரி உண்டா? எதிலிருந்து தொடங்கலாம்?
– வாசகர், மண்டபம்

பதில்: உண்டு. கனடாவில் நகரங்களுக்குப் பெயர்ந்த பூர்வகுடி மக்கள் 1950களிலேயே ‘நட்பு மையங்களை’த் தொடங்கினர்; அவற்றின் தேசியக் கூட்டமைப்பு 1972இல் உருவானது. அவற்றை நிறுவியவர்களும் நடத்துபவர்களும் பெரும்பாலும் அம்மக்களே என்பதால், உங்கள் நிர்வாகக் குழுவிலும் அந்த இளைஞர்களே பெரும்பான்மையாக இருக்கட்டும். சாவியும் அவர்களிடமே இருக்கட்டும் (இதற்குத்தான் நல்லெண்ணம் கொண்டவர்கள்கூடத் தயங்குவார்கள்).

வருகைப் பதிவேடு வேண்டாம். தேநீர், கைப்பேசிக்கு மின்னேற்றும் வசதி, கேரம் பலகை, மாலையில் தொடங்கி இரவு 9 மணி வரை திறந்த கதவு ஆகியவை முதலில் போதும்.

பேச்சு தொடங்கியதும் சாதிச் சான்றிதழ்தான் முன்னே வரும். பழங்குடியினருக்கான சான்றிதழை வட்டாட்சியர் அல்லாது கோட்டாட்சியரே வழங்குவதால், விசாரணைக்கும் அலைச்சலுக்கும் நாட்கள் கரையும். பெற்றோர், உறவினரின் பழைய ஆவணங்களைத் திரட்டி விண்ணப்பம் எழுதித்தர வாரம் ஒரு மாலையை ஒதுக்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில், துறைமுக வேலையை நம்பியிருப்போர் பகலிலும் வரக்கூடும் என்பதால், அப்போது காலையிலேயே திறந்துவிடுங்கள்.