பழைய வாஷிங் மெஷின் ஏன் போனது? புதுசு வாங்குமுன் சில கேள்வி-பதில்கள்

மெஷின் நின்றதும் அழுக்குத் துணி குவியும். அந்தக் குவியலைப் பார்த்த பதற்றத்தில் கடைக்கு ஓடுவோம். பழசு எதனால் போனது என்று தெரியாமல் புதுசு வாங்கினால், அதே காரணம் புதுசையும் விடாது. உப்புத் தண்ணீர், ஈரம், எலி, சமமில்லாத தரை எல்லாம் பழைய இடத்திலேயேதானே இருக்கின்றன!

கேள்வி: 9 வருடப் பழைய ஃப்ரண்ட் லோடு. ஸ்பின் ஓடும்போது விமானம் கிளம்புவதுபோல் இரைகிறது. சரிசெய்யலாமா, மாற்றிவிடலாமா?

பதில்: அந்த இரைச்சல் பெரும்பாலும் பேரிங், அதாவது டிரம்மின் அச்சு உராயாமல் சுழல உதவும் வளையம். நீங்களே உறுதிப்படுத்தலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கதவைத் திறந்து, டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். டிரம்மும் வெளித்தொட்டியும் ஒன்றாக மிதந்து ஆடினால் கோளாறில்லை; ஸ்பிரிங்கில் தொங்குவதால் அப்படித்தான் ஆடும். டிரம் மட்டும் தனியாக "டக் டக்" என்று இடித்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. கையால் சுற்றிப் பாருங்கள், கரகரப்பு தெரியும்.

பேரிங் தானாகக் கெடுவது குறைவு. அதற்கு முன்னால் இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்து, தண்ணீர் உள்ளே கசிந்து கிரீஸைக் கழுவிவிடும். பிறகு துருவும் சத்தமும்தான். பேரிங்கும் சீலும் விலை குறைந்த பாகங்கள். ஆனால் அவற்றை எட்ட மெஷினையே பிரித்துப் போட வேண்டும். ஆகவே மெக்கானிக்கிடம் முதலில் கேட்க வேண்டியது: "வெளித்தொட்டி போல்ட் போட்டதா, ஒட்டி மூடியதா?" போல்ட் போட்டதென்றால் பேரிங் மாற்றலாம். ஒட்டி மூடியதென்றால் தொட்டி முழுவதையும் மாற்றச் சொல்வார்கள். 9 வருட மெஷினுக்கு அந்தச் செலவு வேண்டாம். டிரம்மின் பின்னால் அதைத் தாங்கும் மூன்று கை கொண்ட அலுமினியப் பாகத்துக்கு ஸ்பைடர் என்று பெயர். சோப்புப் படிவு அதை வருடக்கணக்கில் அரிக்கும். அது விரிசல் விட்டிருந்தாலும் புதுசு வாங்குவதே சரி.

வடிகால் பம்ப், தண்ணீர் வால்வு, கதவுப் பூட்டு, ரப்பர் கேஸ்கெட், பெல்ட், கார்பன் பிரஷ், ஷாக் அப்சார்பர் இவற்றில் ஒன்றுக்காக மெஷினைத் தூக்கிப்போடாதீர்கள். தண்ணீர் வடியவில்லை என்றால் பம்பைக் குறை சொல்லுமுன் ஃபில்டரைத் திருகிப் பாருங்கள். ஒரு நாணயமோ ஹேர்பின்னோ வரும். ரிப்பேர் செலவு புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டி, மெஷினுக்கும் 8 வயதுக்கு மேல் ஆகியிருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: டாப் லோடா, ஃப்ரண்ட் லோடா? துவைப்பது முழங்கால் வலி உள்ள அம்மா.

பதில்: "முழங்கால் வலியா, டாப் லோடு வாங்குங்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. 9, 10 கிலோ டாப் லோடு தொட்டி ஆழமானது. உயரம் குறைந்தவர் அடியில் ஒட்டிக் கிடக்கும் ஈரத்துணியை எடுக்க விளிம்பில் வயிற்றை அழுத்திக் குனிய வேண்டியிருக்கும். அது முதுகைப் பிடிக்கும். கடைக்கு அம்மாவையே அழைத்துப் போங்கள். மூடியைத் திறந்து, உள்ளங்கையால் தொட்டியின் அடியைத் தொடச் சொல்லுங்கள். எட்டவில்லை என்றால் அந்த மாடல் வேண்டாம்.

ஃப்ரண்ட் லோடுதான் பிடித்திருக்கிறது என்றால், 30 செ.மீ. உயரத்துக்குக் கெட்டியான மேடை கட்டி அதன்மேல் வையுங்கள். குனிவது வெகுவாகக் குறையும். மெஷின் நழுவாமலிருக்க மேடையின் முன்விளிம்பில் சிறு தடுப்பு வரம்பு கட்டச் சொல்லுங்கள். சக்கரம் வைத்த ஸ்டாண்டு மட்டும் வேண்டாம். ஸ்பின்னில் மெஷின் நடக்கும், பேரிங்கும் சீக்கிரம் போகும்.

துவைக்கும் விதத்தில் ஃப்ரண்ட் லோடு துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டு அலசுகிறது. டாப் லோடு அடித்தட்டு தண்ணீரைச் சுழற்றுவதால் துணி முறுக்கிக்கொள்ளும். 7 கிலோ துணிக்கு ஃப்ரண்ட் லோடுக்கு ஏறத்தாழ 50 முதல் 70 லிட்டர் தண்ணீர் போகும். டாப் லோடுக்கு 100 லிட்டரைத் தாண்டும். பதிலுக்கு டாப் லோடு ஒரு மணி நேரத்துக்குள் வேலையை முடித்துவிடும், நடுவில் மறந்த சட்டையையும் போடலாம்.

கேள்வி: நால்வர் உள்ள வீடு. எத்தனை கிலோ?

பதில்: மெஷினில் எழுதியிருக்கும் கிலோ, உலர்ந்த பருத்தித் துணியின் எடை. சிந்தெடிக் புரோகிராமில் அதில் பாதியோ அதற்கும் குறைவோதான் போடலாம். கம்பளிக்கு இன்னும் குறைவு. ஒரு சட்டை 200-250 கிராம், ஜீன்ஸ் 600-700, குளியல் துண்டு சுமார் 500, இரட்டைக் கட்டில் விரிப்பு 800 முதல் 1000 கிராம் வரும். உங்கள் வீட்டில் ஒருமுறை சேரும் துணியை ஒரு பையில் போட்டு எடை பாருங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை துவைக்கும் நால்வருக்கு 7 அல்லது 8 கிலோ போதும். கனமான போர்வை துவைப்பீர்கள் என்றால் மட்டும் 9. தேவைக்கு மேல் பெரிதாக வாங்கி இரண்டு துண்டை மட்டும் போட்டு ஓட்டினால், அவை ஒரு பக்கமாக ஒதுங்கிச் சமநிலை கெடும்; மெஷின் ஸ்பின் செய்ய மறுக்கும்.

கேள்வி: தண்ணீர்த் தொட்டி எங்கள் வீட்டுக்கு நேர் மேலேயே இருக்கிறது. குழாயில் வேகம் இல்லை. ஃப்ரண்ட் லோடு ஓடுமா?

பதில்: கணக்கு எளிது. தொட்டியின் நீர்மட்டத்துக்கும் குழாய்க்கும் இடையே 10 மீட்டர் உயரம் இருந்தால் சுமார் 1 பார் அழுத்தம். 3 மீட்டர் என்றால் 0.3 பார்தான். பல மெஷின்கள் கேட்கும் குறைந்தபட்சம் 0.3 முதல் 0.5 பார் வரை. நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள்.

மெஷின் வைக்கப்போகும் குழாயிலேயே 10 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். 2 நிமிடத்துக்குள் நிறைந்தால் பெரும்பாலும் சிக்கல் இராது. அதைவிட அதிகமானால் சிறிய பிரஷர் பம்ப் வைக்க வேண்டும், அல்லது குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த மாடலைக் கேட்டு வாங்க வேண்டும். தண்ணீரே நேரம் வைத்துத்தான் வரும் என்றால் செமி ஆட்டோமேட்டிக்கை மட்டமாக நினைக்காதீர்கள். வாளியில் மொண்டு ஊற்றலாம், வெள்ளைத் துணி துவைத்த சோப்புத் தண்ணீரிலேயே அடுத்த சுற்றைப் போடலாம். துணியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலை மட்டும் உங்களுடையது.

பழைய மெஷின் "தண்ணீர் வரவில்லை" என்று நின்றதா? பின்னால் குழாய் மாட்டும் இடத்தில் இருக்கும் சிறிய வலையை எடுத்துக் கழுவிப் பாருங்கள். மண் அடைத்திருந்தால் நீங்கள் புது மெஷினே வாங்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் தண்ணீர் உப்பு. இரண்டு தடவை ஹீட்டர் போய்விட்டது. எந்த பிராண்டு தாங்கும்?

பதில்: எதுவும் தாங்காது. ஹீட்டர் மட்டும் போயிருந்தால் மெஷினும் சாகவில்லை. ஹீட்டரை மாற்றிக்கொண்டு இதைக் கவனியுங்கள்.

கரிப்பது சோடியம் உப்பு. ஹீட்டரில் கல் கட்டுவது கால்சியமும் மெக்னீசியமும். படிவு தடித்ததும் சுருளின் சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல், சுருள் தன்னையே எரித்துக்கொள்கிறது. தண்ணீர் சூடாகச் சூடாகப் படிவும் கூடும். அதனால் அன்றாடத் துணிக்குச் சாதாரணத் தண்ணீர் அல்லது 30, 40 டிகிரி போதும். 60 டிகிரியைத் துண்டு, விரிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரமும் மிஞ்சும்: 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற சுமார் 0.6 யூனிட் ஆகும், 40க்கு என்றால் 0.26 யூனிட்தான்.

குழாயில் மாட்டும் காந்தக் கருவி கால்சியத்தை எடுக்காது. பாஸ்பேட் கட்டி உள்ள கார்ட்ரிட்ஜ் படிவதைக் குறைக்கும், ஆனால் தண்ணீரை மென்மையாக்காது. ரெசின் உள்ள சாஃப்ட்னர்தான் கால்சியத்தை உண்மையில் எடுக்கிறது. அதற்கு அவ்வப்போது உப்புக் கரைசல் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காலி டிரம்மில் 100 கிராம் சிட்ரிக் அமிலம் போட்டு 60 டிகிரியில் ஓட்டலாம். கையேட்டில் தடை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதோடு பிளீச் மட்டும் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

கேள்வி: இன்வெர்ட்டர், டைரக்ட் டிரைவ், 1400 ஆர்பிஎம், 10 வருட வாரண்டி. எதற்குக் கூடுதல் பணம் தரலாம்?

பதில்: வாரண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏமாற்றம் அங்கேதான் அதிகம். 10 வருடம் என்பது பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டும். அந்த மோட்டாரை ஓட்டும் மின்னணு போர்டுக்கு அந்தக் காப்பு இருக்கிறதா என்று எழுத்தில் பாருங்கள். போவது பெரும்பாலும் போர்டுதான். வேகத்தை மின்னணு முறையில் மாற்றும் இன்வெர்ட்டர் மோட்டாரில் கார்பன் பிரஷ் இல்லை, சத்தம் குறைவு, தரலாம். மோட்டாரே டிரம்மை நேராகச் சுழற்றும் டைரக்ட் டிரைவில் பெல்ட்டும் இல்லை. ஆனால் பெல்ட் மலிவான பாகம், அதற்காக மட்டும் அதிகம் தர வேண்டாம்.

ஆர்பிஎம் என்பது ஸ்பின்னில் டிரம் நிமிடத்துக்கு எத்தனை தடவை சுற்றுகிறது என்ற கணக்கு. 1000 ஆர்பிஎம்மில் பிழிந்த 1 கிலோ பருத்தித் துணியில் ஏறத்தாழ 600 கிராம் தண்ணீர் மிஞ்சும். 1400இல் சுமார் 500. வெயிலில் கொடி கட்டிக் காயவைப்பவருக்கு 1000, 1200 போதும். அறைக்குள் உலர்த்துபவர் 1400க்குப் பணம் தரலாம்.

கேள்வி: துவைத்து உலர்த்தியும் தரும் மெஷின் வாங்கலாமா?

பதில்: இடமே இல்லை என்றால் வாங்கலாம். 8 கிலோ துவைக்கும் மெஷின் 5 கிலோ அளவுதான் உலர்த்தும். முழு அளவு துவைத்தால் மீதி 3 கிலோ துணியை வெளியே எடுத்தாக வேண்டும். இரண்டு வேலையும் முடிய 4 மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும்.

கேள்வி: மெஷின் வந்து இறங்கும் நாளில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: வாங்குமுன்பே வழியை அளந்திருக்க வேண்டும். ஃப்ரண்ட் லோடு பொதுவாக 60 செ.மீ. அகலம், 85 செ.மீ. உயரம், ஆழத்தோடு குழாய்க்கு 5 முதல் 10 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் 2000 வாட் வரை இழுக்கும், 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்ப். தனி பவர் பிளக் வேண்டும், நீட்டிப்புக் கம்பி கூடாது. பழைய மெஷினைத் தொட்டால் சுரீரென்றதா? எர்த் சரியில்லாமல் இருக்கக்கூடும். எலக்ட்ரீஷியன் பார்த்துச் சரிசெய்யும்வரை புதுசை மாட்டாதீர்கள்.

ஃப்ரண்ட் லோடின் பின்புறம் டிரம்மைப் பிடித்திருக்கும் பயண போல்ட்டுகளைக் கழற்றினார்களா என்று கண்ணால் பாருங்கள். கழற்றாமல் ஓட்டினால் முதல் ஸ்பின்னிலேயே மெஷின் துள்ளும். வடிகால் குழாயைக் கையேடு சொல்லும் உயரத்தில், பெரும்பாலும் தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ.க்குள் மாட்ட வேண்டும். தரையிலேயே விட்டால் பிடித்த தண்ணீரெல்லாம் தானாக வடிந்து, மெஷின் பிடித்துக்கொண்டே இருக்கும். நான்கு கால்களையும் ரசமட்டம் வைத்துச் சரிசெய்து, மூலைக்கு மூலை அழுத்திப் பாருங்கள், ஆடக்கூடாது. கழற்றிய போல்ட்டுகளை ஒரு பையில் கட்டிப் பத்திரப்படுத்துங்கள். வீடு மாறும்போது அவை இல்லாமல் மெஷினை வண்டியில் ஏற்றக்கூடாது.