தலையாட்டாமல் ஒரு நேர்காணல்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 36. அம்பாசமுத்திரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் ஒன்பது ஆண்டுகள் கணக்கு எழுதினேன். இடையில் இரு காதுகளிலும் கேட்கும் திறன் படிப்படியாகக் குறைந்துவிட்டது, கடையையும் மூடிவிட்டார்கள். விண்ணப்பம் அனுப்பினால் தொலைபேசியில் அழைக்கிறார்கள், பேச முடிவதில்லை. காது கேளாததை விண்ணப்பத்தில் எழுதுவதா, மறைப்பதா? இந்த வயதில் வேலை தேடக் கற்பது கூச்சமாகவும் இருக்கிறது.

ச., கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள ச. அவர்களுக்கு,

எழுதிவிடுங்கள். பயோடேட்டாவில் கைபேசி எண்ணுக்குக் கீழே, "எனக்குக் காது கேட்பது குறைவு, வாட்ஸ்அப்பில் தொடர்புகொண்டால் அன்றைக்கே பதில் அளிப்பேன்" என்று ஒரு வரி போதும். மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் உள்ள குறைபாட்டுச் சதவீதத்தை அரசுப் படிவத்தில் கேட்பார்கள். கடை முதலாளிக்கு அந்த எண்ணால் ஒன்றும் விளங்காது, பயம்தான் வரும்.

நானும் காதில் கருவி மாட்டிக்கொண்டு திரிகிறவன்தான். பல ஆண்டுகளுக்கு முன் வண்ணார்பேட்டையில் ஒரு நிறுவனத்துக்கு நேர்காணலுக்குப் போயிருந்தேன். தலைக்கு மேல் மின்விசிறி கடகடத்தது. கேள்வி கேட்டவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருந்ததால் முகம் இருட்டாகத் தெரிந்தது, உதடு பிடிபடவில்லை. கேட்டதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே தலையாட்டி வைத்தேன். இரவுப் பணிக்குச் சம்மதமா என்பதும் அக்கேள்விகளுள் ஒன்று என்பது பணி நியமனக் கடிதத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. நான்கு மாதம் கண்விழித்தேன்.

பாளையங்கோட்டையில் 1897-இலேயே காது கேளாதோருக்குப் பள்ளி வந்துவிட்டது. அங்கே சைகை மொழியோடு வளர்ந்தவர்கள் புரியாததைப் புரியவில்லை என்று கையாலேயே சொல்லிவிடுகிறார்கள். நடுவயதில் செவியை இழந்த நம்மைப் போன்றவர்கள்தாம் கேட்டதாக நடிக்கிறோம். வேலை தேடுவதில் நீங்கள் கற்க வேண்டிய முதல் பாடம் இந்த நடிப்பை விடுவது. "கேள்வியை எழுதித் தாருங்கள்" என்ற வாக்கியத்தை வீட்டில் யாரையாவது எதிரே உட்காரவைத்து, குரல் தயங்காமல் வரும்வரை சொல்லிப் பாருங்கள். அறைக்குள் நுழைந்ததும் வெளிச்சம் அவர்கள் முகத்தில் விழும் இடமாகப் பார்த்து அமருங்கள். வேறு நாற்காலி கேட்பதில் தவறில்லை. உதட்டை மட்டும் நம்பவும் வேண்டாம்: தமிழில் பாடும் மாடும், படியும் மடியும் உதட்டில் ஒன்றுபோலவே தெரியும். சம்பளத் தொகை, வேலை நேரம், சேரும் தேதி ஆகிய மூன்றையும் தாளில் எழுதி வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி பேச்சைத் தமிழ் எழுத்தாக்கித் திரையில் காட்டும். நம் ஊர்ப் பேச்சின் வேகத்தில் அது தடுமாறுவதும் உண்டு. ஆயினும், மேசையில் கைபேசியை வைத்து, "பேசுவதை இதில் படித்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் எதிரே இருப்பவர் தாமாகவே நிதானமாகப் பேசத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி, இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு இருந்தால் கேட்கும் திறன் குறைந்தவர் என்றும், 70-ஐ எட்டினால் காது கேளாதவர் என்றும் கொள்வார்கள். அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் இவ்விரு பிரிவினருக்கும் உரியது. ஆகவே மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, உரிய காலத்தில் புதுப்பித்துவிடுங்கள். அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

கூச்சத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் காதைப் பற்றி எத்தனை வரி, கணக்கைப் பற்றி எத்தனை வரி என்று எண்ணிப் பாருங்கள். டேலி கணக்கு மென்பொருளில் என்ன செய்தீர்கள், ஜிஎஸ்டி கணக்கை நீங்களே தாக்கல் செய்தீர்களா, தீபாவளி நெரிசலில் ஒரு நாளைக்கு எத்தனை பில், ஆடித் தள்ளுபடிக்குப் பிறகு இருப்புக் கணக்கை எத்தனை நாளில் முடித்தீர்கள்? இவற்றை ஒரு பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள். பயோடேட்டாவின் மேல்பாதியில் இடம்பெற வேண்டியவை அவைதாம்.