சர்வரின் ஐபிஎம்ஐ போர்ட்டுக்குப் பொது ஐபி கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் சிறு நிறுவனத்துக்காக செகண்ட் ஹேண்டில் ஒரு சூப்பர்மைக்ரோ சர்வர் வாங்கியிருக்கிறோம், எக்ஸ்11 போர்டு. அடுத்த மாதம் வெளியூர் டேட்டா சென்டர் ஒன்றில் கொண்டுபோய் வைக்கப் போகிறோம். அவர்கள் 2 பொது ஐபி தருகிறார்கள். ஒன்றை சர்வருக்கும் இன்னொன்றை, தூரத்திலிருந்தே சர்வரை நிர்வகிக்க உதவும் ஐபிஎம்ஐ போர்ட்டுக்கும் போடலாம் என்பது திட்டம். ஆனால் ஐபிஎம்ஐ பாஸ்வேர்டை விற்றவர் தரவில்லை. இன்னொரு குழப்பமும் இருக்கிறது. அந்த போர்ட்டில் கேபிளே இல்லாதபோதும் எங்கள் ஆபீஸ் ரூட்டரில் புதிதாக ஒரு ஐபி தெரிகிறது. பிரவுசரில் திறந்தால் ஐபிஎம்ஐ லாகின் பக்கம் வருகிறது. இது எப்படி வந்தது, எப்படிச் சரியாக அமைப்பது?

பதில்: பொது ஐபி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கொடுக்காதீர்கள். பாஸ்வேர்ட் எவ்வளவு பலமாக இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

நீங்கள் ஐபிஎம்ஐ போர்ட் என்று சொல்வதற்குப் பின்னால் பிஎம்சி என்ற தனிக் கணினியே இருக்கிறது. எக்ஸ்11 போர்டுகளில் அது பெரும்பாலும் ஏஸ்பீட் நிறுவனத்தின் ஏஎஸ்டி2400 அல்லது ஏஎஸ்டி2500 சிப். சொந்த ஆர்ம் ப்ராசசர், சொந்த மெமரி, அதில் ஓடும் ஒரு சிறிய லினக்ஸ். சர்வரை அணைத்தாலும் பவர் கேபிள் செருகியிருக்கும்வரை ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் அது விழித்தே இருக்கும். அதற்குள் நுழைந்தவர் உங்கள் சர்வரின் முன்னால் கீபோர்டுடன் உட்கார்ந்த மாதிரிதான்: அணைக்கலாம், பயாஸுக்குள் போகலாம், தன் ஐஎஸ்ஓவை (டிஸ்க் பிம்பக் கோப்பை) போட்டு பூட் செய்து உங்கள் டிஸ்க்கைத் திறக்கலாம். நீங்கள் லினக்ஸில் பார்த்துப் பார்த்துப் போட்ட ஃபயர்வால் விதி ஒன்றுகூட பிஎம்சிக்கு வரும் போக்குவரத்தைத் தொடாது.

பாஸ்வேர்டை மட்டும் நம்ப முடியாததற்குக் காரணம் ஐபிஎம்ஐயின் விதிமுறையிலேயே இருக்கிறது. 2004-இல் வந்த ஐபிஎம்ஐ 2.0-வில் லாகின் நடக்கும் விதம் இப்படி: யூசர் பெயர் தெரிந்த யார் கேட்டாலும், அவர் பாஸ்வேர்டை நிரூபிப்பதற்கு முன்பே, அந்த பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட ஒரு ஹாஷை (பாஸ்வேர்டின் கைரேகை மாதிரியான ஓர் எண்ணை) பிஎம்சி அனுப்பிவிடும். வாங்கியவர் அதைத் தன் மெஷினில் வைத்துக்கொண்டு, உங்கள் லாகில் ஒரு வரிகூட விழாமல், நிதானமாக உடைத்துப் பார்க்கலாம். 2013-இல் பாதுகாப்பு ஆய்வாளர் டான் ஃபார்மர் இதைப் பரவலாகத் தெரியப்படுத்தினார். நெறிமுறையே அப்படி எழுதப்பட்டிருப்பதால் ஃபர்ம்வேர் அப்டேட்டால் இது தீராது. ஐபிஎம்ஐ பயன்படுத்தும் யூடிபி 623 போர்ட் வெளியே தெரியாமல் மறைப்பது ஒன்றே வழி.

இதற்கு மேல் ஒவ்வொரு தயாரிப்பிலும் தனித்தனி ஓட்டைகள் வந்திருக்கின்றன. ஹெச்பிஇ சர்வர்களின் பிஎம்சியான ஐஎல்ஓ 4-இல், வலை வேண்டுகோளின் ஒரு ஹெடரில் 'ஏ' எழுத்தை 29 முறை அனுப்பினாலே லாகினைத் தாண்டிவிடலாம் என்று 2017-இல் தெரியவந்தது, அதே ஆண்டு சரிசெய்தார்கள். 2019-இல் சூப்பர்மைக்ரோவின் எக்ஸ்9, எக்ஸ்10, எக்ஸ்11 போர்டுகளில், வர்ச்சுவல் யூஎஸ்பி சேவைக்குள் வெளியாட்கள் நுழைய முடியும் என்று கண்டுபிடித்தார்கள். உங்கள் போர்டும் இந்தப் பட்டியலில் வருகிறது. திருத்தம் வந்துவிட்டது. ஆனால் கைமாறி வந்த மெஷினில் முந்தையவர் அதைப் போட்டாரா என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இனி, கேபிள் இல்லாமல் வந்த அந்த ஐபி. சூப்பர்மைக்ரோவில் பிஎம்சியின் நெட்வொர்க்குக்கு 3 நிலைகள் உண்டு: டெடிகேட்டட் (தனி போர்ட் மட்டும்), ஷேர்டு (சர்வரின் போர்ட்டையே பகிர்வது), ஃபெயில்ஓவர் (தனி போர்ட் இல்லையென்றால் சர்வரின் போர்ட்). பொதுவாக ஃபெயில்ஓவரில் வைத்தே விற்கிறார்கள். பிஎம்சி எழும்போது தனி போர்ட்டில் கேபிள் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் சர்வரின் சாதாரண லேன்1 போர்ட்டில் தன் சொந்த மேக் முகவரியுடன் (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்ணுடன்) ஏறிக்கொண்டு, டிஹெச்சிபி வழியாகத் தானாக ஓர் ஐபி கேட்கும். உங்கள் ஆபீஸில் நடந்தது அதுதான். ஆபீஸில் இதனால் கெடுதல் இல்லை. டேட்டா சென்டரில் நிலைமை வேறு. தனி போர்ட்டின் கேபிள் தளர்ந்திருக்கும்போது மின்சாரம் போய் வந்தால், பிஎம்சி உங்கள் பொது நெட்வொர்க் கேபிளில் போய் நிற்கும். அங்கே டிஹெச்சிபி இருந்தால் பொது ஐபியே வாங்கிவிடும். ஒரு போர்ட்டுக்கு ஒரு மேக் என்று சுவிட்சில் கட்டுப்பாடு வைத்திருக்கும் டேட்டா சென்டர் என்றால், இரண்டாவது மேக்கைப் பார்த்ததும் போர்ட்டையே மூடிவிடக்கூடும். சர்வரும் சேர்ந்து காணாமல் போகும். அதனால் லாகின் கிடைத்து, கீழே சொல்லும் ஃபேக்டரி டிஃபால்ட் வேலையும் முடிந்ததும் கான்ஃபிகரேஷன், நெட்வொர்க் பக்கத்தில் லேன் இன்டர்ஃபேஸை டெடிகேட்டடுக்கு மாற்றுங்கள்.

லாகின் எப்படிக் கிடைக்கும்? பழைய போர்டுகளில் யூசர், பாஸ்வேர்ட் இரண்டுமே 'அட்மின்' என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும். 2020 முதல் வந்தவற்றில் ஒவ்வொரு போர்டுக்கும் தனி பாஸ்வேர்ட் உண்டு. அது லேபிளில் அச்சாகியிருக்கும். இரண்டும் வேலை செய்யவில்லையென்றால் சர்வரை ஒரு லினக்ஸ் யூஎஸ்பியிலிருந்து பூட் செய்து, ரூட்டாக ஐபிஎம்ஐடூல் என்ற கட்டளைக் கருவியை ஓட்டுங்கள். 'யூசர் லிஸ்ட் 1' யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும். 2-ஆம் எண்ணில் அட்மின் இருப்பார். 'யூசர் செட் பாஸ்வேர்ட் 2' என்று கொடுத்து ஒரு தற்காலிக பாஸ்வேர்ட் வையுங்கள். பழைய பாஸ்வேர்டை அது கேட்காது. மெஷினுக்கு உள்ளே ரூட்டாக இருப்பவரை பிஎம்சி அப்படியே நம்புகிறது. நாளை உங்கள் லினக்ஸில் யாராவது ரூட் பிடித்தால் அவருக்கும் இதே கதவு திறந்திருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

உள்ளே போனதும் மற்ற வேலைகளுக்கு முன்னால் ஃபேக்டரி டிஃபால்ட்டுக்குத் திருப்பிவிடுங்கள். முந்தைய உரிமையாளர் விட்டுச்சென்ற கூடுதல் யூசர்கள், எல்டாப் (வெளி யூசர் பட்டியலோடு இணைக்கும்) அமைப்பு, எச்சரிக்கை மெயில் முகவரி எல்லாம் அதோடு போகும். அதற்குப் பிறகு பாஸ்வேர்ட் மறுபடி ஆரம்ப நிலைக்குப் போகும். லேபிள் கிழிந்திருந்தால் மேலே சொன்ன ஐபிஎம்ஐடூல் வழியில் இன்னொரு முறை மாற்ற வேண்டிவரும். அடுத்து பிஎம்சி ஃபர்ம்வேர். உங்கள் போர்டு மாடலின் பக்கத்திலிருந்தே இறக்குங்கள். வேறு மாடலுக்கானதைப் போட்டால் பிஎம்சி எழாமலே போகலாம். அப்டேட் ஓடும்போது பவரைத் தொடாதீர்கள். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பழைய ஃபர்ம்வேர்களில் திரையைப் பார்க்க ஜாவா வெப் ஸ்டார்ட் வேண்டும். ஜாவா 11-இலேயே அதை எடுத்துவிட்டார்கள். புதிய ஃபர்ம்வேரில் ஹெச்டிஎம்எல்5 கன்சோல் பிரவுசரிலேயே திறக்கும்.

நிரந்தர பாஸ்வேர்டைக் கடைசியில் வலைப் பக்கத்திலிருந்தே வையுங்கள். ஐபிஎம்ஐ 2.0-இல் உச்ச நீளம் 20 எழுத்து. பாஸ்வேர்ட் மேனேஜர் உருவாக்கிய 20 எழுத்தையும் பயன்படுத்துங்கள்.

இப்போது முக்கியமான கேள்வி: பொது ஐபி இல்லாமல் வெளியூரிலிருந்து எப்படி நுழைவது? விபிஎன் என்றதும் பலர் அதை அதே சர்வரில் நிறுவிவிடுகிறார்கள். சர்வர் கெர்னல் பேனிக்கில் (லினக்ஸே உறைந்துபோய்) நிற்கும் இரவில் அந்த விபிஎன்னும் சேர்ந்தே செத்திருக்கும். பிஎம்சி தேவைப்படும் நேரமே அதுதான். விபிஎன் சர்வருக்கு வெளியே இருக்க வேண்டும்.

டேட்டா சென்டரிடம் முதலில் கேளுங்கள்: நிர்வாகத்துக்கென்று தனி விலேனும் (பிரித்து வைத்த நெட்வொர்க்கும்) அதற்கு விபிஎன்னும் தருகிறீர்களா? சில இடங்களில் தருவார்கள், வேலை அதோடு முடிந்தது. இல்லையென்றால் அந்த இரண்டாவது பொது ஐபியை ஒரு சிறிய ரூட்டருக்குக் கொடுங்கள். மைக்ரோடிக் ஹெக்ஸ் போன்ற, உள்ளங்கையில் அடங்கும் ஒன்று போதும். ரேக்கில் அதற்கு இடமும் பவர் சாக்கெட்டும் உண்டா என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். அதில் ஓடும் ரூட்டர்ஓஎஸ் 7-இல் வயர்கார்டு என்ற விபிஎன் உள்ளேயே இருக்கிறது. சரியான சாவி இல்லாத பாக்கெட்டுக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது. ஸ்கேன் செய்பவருக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. ரூட்டரின் பொதுப் பக்கத்தில் வயர்கார்டு போர்ட் ஒன்றைத் தவிர வின்பாக்ஸ் (மைக்ரோடிக்கின் நிர்வாகக் கருவி), எஸ்எஸ்ஹெச், வலைப் பக்கம் எல்லாவற்றையும் மூடுங்கள். ரூட்டரின் இன்னொரு போர்ட்டிலிருந்து பிஎம்சிக்கு நேரடியாக ஒரு பேட்ச் கேபிள். நடுவில் சுவிட்ச் தேவையில்லை.

முகவரிகளை இப்படி வைத்துக்கொள்ளலாம். ரூட்டர் 10.20.30.1, பிஎம்சி 10.20.30.2, விபிஎன்னில் வருபவர்களுக்கு 10.20.31 வரிசை. 192.168.0, 192.168.1 வரிசைகளைத் தவிருங்கள். உங்கள் வீட்டு ரூட்டரும் பெரும்பாலும் அதே வரிசையில்தான் இருக்கும். விபிஎன் இணைந்தும் எதுவும் திறக்காமல் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். பிஎம்சியில் கேட்வே 10.20.30.1 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அது காலியாக இருந்தால் ரூட்டரிலிருந்து பிங் வரும், விபிஎன்னிலிருந்து வராது. பிஎம்சி தானாக இணையத்துக்குப் போகவும் அனுமதிக்காதீர்கள். நேரத்தை ரூட்டரிடமிருந்தே என்டிபி (நேரம் ஒத்திசைக்கும் முறை) வழியாக எடுத்துக்கொள்ளட்டும். நேரம் தப்பாக இருந்தால் பழுதான ஃபேனும் பவர் சப்ளையும் நிகழ்வுப் பதிவில் வேறு ஏதோ ஒரு தேதியில் நிற்கும்.

டெல், ஹெச்பிஇ சர்வர் வைத்திருப்பவர்களுக்கும் இதே அமைப்பு பொருந்தும். டெல்லின் பிஎம்சியான ஐடிராக்கின் ஆரம்ப முகவரி 192.168.0.120, 14-ஆம் தலைமுறை முதல் தனி பாஸ்வேர்ட் முன்பக்கம் இழுக்கும் அட்டையில் இருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்குமுன் லைசென்ஸைப் பாருங்கள். ஐடிராக்கில் வர்ச்சுவல் கன்சோலுக்கு (சர்வரின் திரையைத் தூரத்திலிருந்து பார்க்க) எண்டர்பிரைஸ் லைசென்ஸ் வேண்டும். ஐஎல்ஓவில் அட்வான்ஸ்டு லைசென்ஸ் இல்லாவிட்டால் ஓஎஸ் ஏறிய பிறகு திரை மூடிக்கொள்ளும்.

பயாஸில் ஒரே ஓர் அமைப்பை மறக்காதீர்கள். மின்சாரம் போய் வந்த பிறகு என்ன செய்வது என்ற இடத்தில் 'பவர் ஆன்' என்று வையுங்கள். அத்துடன் சிஸ்டம்ரெஸ்க்யூ போன்ற ஒரு மீட்பு லினக்ஸை பென்டிரைவில் ஏற்றி, சர்வரின் பின்பக்க யூஎஸ்பியில் நிரந்தரமாகச் செருகிவிடுங்கள். பிஎம்சியின் வர்ச்சுவல் மீடியா வசதியில் ஐஎஸ்ஓவை இணையம் வழியாக ஏற்றுவது சாத்தியம்தான், ஆனால் நொண்டி நொண்டித்தான் வரும். பூட் மெனுவில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் நொடிகளில் ஏறிவிடும்.

வண்டியில் ஏற்றுமுன் எல்லாவற்றையும் ஆபீஸிலேயே சோதியுங்கள். லேப்டாப்பை ஆபீஸ் நெட்டிலிருந்து கழற்றி, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டு, விபிஎன் வழியாக உள்ளே போங்கள். சர்வரை முழுவதுமாக அணையுங்கள், மறுபடி எழுப்புங்கள், கன்சோலில் பயாஸைத் திறங்கள், பென்டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். பிறகு ஃபெயில்ஓவர் சோதனை. பிஎம்சிக்கு நிலையான ஐபி போட்டிருந்தால் இந்தச் சோதனைக்கு மட்டும் டிஹெச்சிபிக்கு மாற்றி, முடிந்ததும் திருப்பிவிடுங்கள். பிஎம்சி கேபிளைக் கழற்றுங்கள், லேன்1 கேபிள் அப்படியே இருக்கட்டும். இரண்டு பவர் கேபிளையும் உருவி, சற்றுப் பொறுத்துத் திரும்பச் செருகுங்கள். பிஎம்சி எழும் நேரத்தில்தான் எந்த போர்ட் என்று முடிவாகிறது. வெறுமனே நெட்வொர்க் கேபிளை மட்டும் கழற்றிப் பார்த்தால் உண்மை தெரியாது. ஆபீஸ் ரூட்டரின் டிஹெச்சிபி பட்டியலில் பிஎம்சியின் மேக் வரவே கூடாது. அந்த மேக் ஐபிஎம்ஐ வலைப் பக்கத்திலேயே இருக்கும்.

டேட்டா சென்டரில் கேபிள் போடப்போவது நீங்களாக இல்லாமல் அங்கிருக்கும் ஊழியராக இருக்கலாம். கேபிள்களின் இரண்டு முனையிலும் லேபிள் ஒட்டி, சர்வரின் பின்பக்கத்தைப் போனில் படமெடுத்து எந்த போர்ட் எது என்று குறித்து அவருக்கு அனுப்பிவிடுங்கள். பவர் கொடுத்த பிறகு பிஎம்சி முழுவதும் எழ ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். போர்டில் அதன் பச்சை விளக்கு சீராகச் சிமிட்டும்வரை, பிங் வரவில்லை என்று கேபிளை மாற்றி மாற்றிச் செருக வேண்டாம் என்றும் அவரிடம் சொல்லிவையுங்கள்.