மூன்றாவது பேட் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாரக்கடைசிகளில் நாங்கள் நான்கு பேர், சிலசமயம் ஐந்து பேர் சேர்கிறோம். சேர்ந்து விளையாடப் பழைய வீடியோ கேம் ஏதாவது சொல்லுங்கள் என்று யாரைக் கேட்டாலும் பாம்பர்மேன், மரியோ கார்ட், கோல்டன்ஐ என்று அதே பெயர்கள்தான் வருகின்றன. எங்களில் ஒருவர் அவற்றில் கைதேர்ந்தவர். மற்றவர்கள் தோற்றே சலித்துவிட்டார்கள். அதிகம் பேசப்படாத, இன்றும் விளையாடத் தகுந்த ஆட்டங்களைச் சொல்ல முடியுமா? விண்டோஸ் லேப்டாப், டிவி, நான்கு யூஎஸ்பி பேடுகள் (கையில் பிடித்து ஆடும் கட்டுப்பாட்டுக் கருவிகள்) இருக்கின்றன. பழைய ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டர் மென்பொருள் ஓரளவு பழக்கம். ஆனால் பல ஆட்டங்களில் மூன்றாவது பேட் வேலையே செய்வதில்லை. அது ஏன் என்றும் புரியவில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்,

உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றுதான். இந்த ஆட்டங்களில் பல கவனிக்கப்படாமல் போனதற்குக் காரணம் அவற்றின் தரம் அல்ல. மூன்றாமவர் பேடைச் செருக இடம் இல்லாததுதான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் முதல் பாதியிலும் வந்த கன்சோல்களில் (டிவியோடு இணைத்து ஆடும் எந்திரங்கள்) பெரும்பாலும் இரண்டே போர்ட். பிசி எஞ்சின் என்ற கன்சோலில் ஒன்றே ஒன்று. அதற்குமேல் ஆள் சேரவேண்டுமென்றால் ஒரே போர்ட்டில் பல பேடுகளைச் செருகவிடும் மல்டிடேப் என்ற கருவியைத் தனியாக வாங்கவேண்டும். அது இல்லாதவர்கள், நான்கு பேருக்கென்று யோசித்துச் செய்யப்பட்ட ஆட்டத்தை இரண்டு பேராக ஆடிப்பார்த்து, சுமார் என்று ஒதுக்கினார்கள். இன்று எமுலேட்டரில் மல்டிடேப் என்பது மெனுவில் ஒரு வரி. ஆனால் அந்த வரியைத் தேர்ந்தெடுக்காதவரை ஆட்டத்துக்கு உங்கள் மூன்றாவது பேட் இருப்பதே தெரியாது.

உங்கள் குழுவுக்கு நான் முதலில் சொல்வது மியூல். 1983-ல் டேன் பண்டனின் (பிற்காலத்தில் டேனியெல் பண்டன் பெர்ரி) ஓசார்க் சாஃப்ட்ஸ்கேப் குழு உருவாக்கி, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்டது. நான்கு பேர் ஒரு கோளில் குடியேறுகிறார்கள். ஒவ்வொரு மாதமும் ஆளுக்கொரு நிலம். மியூல் எனப்படும் எந்திரக் கழுதையை வாங்கி உணவு, எரிசக்தி, தாது மூன்றில் ஒன்றுக்கு அதைத் தயார்செய்து நிலத்தில் நிறுத்தவேண்டும். மாதக் கடைசியில் ஏலம். விற்பவர்கள் திரையின் மேலிருந்து கீழே இறங்குவார்கள், வாங்குபவர்கள் கீழிருந்து மேலே ஏறுவார்கள். இருவரும் சந்திக்கும் கோடுதான் விலை. கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். உணவு முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் இறங்க மறுக்கும்போது மற்ற மூவரும் போடும் சத்தத்தில்தான் இந்த ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. இத்தனை எளிய அசைவில் இத்தனை பேரம் நடக்கும் ஆட்டத்தை அதற்குப் பிறகும் அதிகம் பேர் செய்யவில்லை.

உங்கள் கைதேர்ந்த நண்பரின் பிரச்சினைக்கும் இதில் வழி உண்டு. தற்செயல் நிகழ்வுகளில் நல்லவை முதலிடத்தில் இருப்பவருக்கு வராது, கெட்டவை கடைசியில் இருப்பவருக்கு வராது. தொடக்கப் பணமும் ஒன்றல்ல. ஃப்ளாப்பர் என்ற இனத்தைத் தேர்ந்தெடுப்பவர் 1600-உடன் தொடங்குவார், மனிதர் 600-உடன், மற்ற இனங்கள் 1000-உடன். புதியவருக்கு ஃப்ளாப்பரையும் தேர்ந்தவருக்கு மனிதரையும் கொடுங்கள். முதல் தடவை 12 மாத ஆட்டம் வேண்டாம், 6 மாதத் தொடக்கநிலை ஆட்டமே போதும். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, விலை அதிகம் என்று தாதுவின் பின்னால் ஓடுவது. உணவு குறைந்தால் அடுத்த மாதம் உங்கள் முறைக்கான நேரம் சுருங்கும். எரிசக்தி குறைந்தால் சில நிலங்கள் விளையாது. ஆனால் தாதுவை யாருமே எடுக்காவிட்டாலும் சிக்கல்தான். கடை மியூல் செய்வது தாதுவிலிருந்து. குடியேற்றம் மொத்தமாகத் தேறியதா என்றும் கடைசியில் கணக்குப் பார்க்கப்படும். எனவே எதிரியை முழுதாக முடக்குவதும் நல்ல ஆட்டமல்ல.

இதை அட்டாரி 800 பதிப்பில்தான் ஆடவேண்டும். அந்தக் கணினியில் நான்கு ஜாய்ஸ்டிக் போர்ட் இருந்தது. பின்னால் வந்த எக்ஸ்எல் வரிசையில் அதை இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். ஆல்டிரா போன்ற எமுலேட்டரில் கணினி வகையை எக்ஸ்எல் என்று விட்டுவைத்தால் மூன்றாவது, நான்காவது ஜாய்ஸ்டிக் இயங்காது. வகையை 800 என்றும் நினைவகத்தை 48 கே என்றும் மாற்றி, நான்கு போர்ட்டுக்கும் தனித்தனியாகப் பேடுகளை ஒதுக்குங்கள். காமடோர் 64 பதிப்பும் உண்டு. ஆனால் அதில் இரண்டே போர்ட் என்பதால் நால்வரும் ஒரே நேரத்தில் நகரும் ஏலத்துக்கு அது தோதாக இல்லை.

அடுத்தது நிண்டெண்டோவின் ஜப்பானியக் கன்சோலான ஃபாமிகாமில் டெக்னோஸ் 1990-ல் வெளியிட்ட டவுன்டவுன் நெக்கெட்சு கோஷின்க்யோகு: சோரேயுகே டைஉன்டோகாய். பெயர் நீளமே தவிர ஆட்டம் எளிது. நான்கு பள்ளி அணிகள் மோதும் விளையாட்டு விழா: ஊரைச் சுற்றி ஓட்டம், தடை ஓட்டம், உயரத்தில் தொங்கும் பந்தை உடைப்பது, கடைசியில் நேரடிச் சண்டை. ஓட்டத்திலும் அடிதடி அனுமதி உண்டு. ஜப்பானிய எழுத்து தெரியாவிட்டாலும் அரைமணி நேரத்தில் பழகிவிடும். எமுலேட்டர் அமைப்பில் ஃபோர் ஸ்கோர் என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது ஃபாமிகாமின் அமெரிக்க வடிவமான நெஸ்ஸுக்கான கருவி. மூன்றாமவரின் பொத்தான்களை முதலாமவரின் வரிசைக்குப் பின்னால் அதே இழையில் அனுப்பும். ஃபாமிகாம் ஆட்டங்கள் முன்பக்க விரிவாக்கப் போர்ட் வழியாக வேறொரு இழையில் படிக்கும். ஃபாமிகாம் நால்வர் அடாப்டர் என்ற தேர்வே சரி. நான்கு பேர் ஒரே மட்டத்தில் ஓடும்போது உருவங்கள் மினுக்கும். ஒரு கிடைக்கோட்டில் எட்டு ஸ்பிரைட்டுக்குமேல் (நகரும் உருவத்தின் சிறு துண்டுகள்) அந்தக் கன்சோலால் காட்ட முடியாது. ஸ்பிரைட் வரம்பை நீக்கும் தேர்வு எமுலேட்டரில் இருந்தால் போட்டுவிடுங்கள்.

சேகாவின் மெகா டிரைவ் கன்சோலிலும் இதேபோன்ற குழப்பம்தான். சேகாவின் டீம் பிளேயர், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் 4 வே பிளே என இரண்டு கருவிகள் உண்டு, பெரும்பாலும் ஒன்று மற்றொன்றின் இடத்தில் இயங்காது. சூப்பர் நிண்டெண்டோவில் மல்டிடேப் இரண்டாவது போர்ட்டில் இருக்கவேண்டும். இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்று கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் ஒரு வேலை செய்தது. 1994-ல் வந்த மைக்ரோ மெஷின்ஸ் 2 என்ற பந்தய ஆட்டத்தின் கேட்ரிட்ஜின் மேலேயே இரண்டு போர்ட் வைத்தது. அதன் பெயர் ஜே-கார்ட். ஒரே பேடில் இருவர், ஒருவருக்குத் திசைப் பொத்தான், மற்றவருக்கு வலப்பக்கப் பொத்தான்கள் என்று எட்டுப் பேர் வரை ஆடலாம். திரை ஒன்றுதான், பின்தங்கித் திரையைவிட்டு வெளியேறியவர் அந்தச் சுற்றில் அவுட். ஐந்தாவது நண்பர் வரும் நாளுக்கு இதைவிட வசதியானது இல்லை.

ஐந்து பேருக்கான இன்னொன்று, பிசி எஞ்சினின் டன்ஜன் எக்ஸ்ப்ளோரர் (1989). போட்டியிட்டுக் களைத்தவர்கள் ஒரே பக்கம் நின்று சண்டைபோடலாம். இங்கே விண்டோஸ் ஒரு தடை போடும். அது பேடுகளைப் படிக்கும் எக்ஸ்இன்புட் முறை நான்கு பேடுகளோடு நின்றுவிடும். ஐந்தாவதாக, பழைய முறையான டைரக்ட்இன்புட் வகைப் பேடைப் பயன்படுத்துங்கள், அல்லது எமுலேட்டரில் எஸ்டிஎல் உள்ளீட்டு டிரைவருக்கு மாறுங்கள்.

இருவர் ஆட்டம் என்றாலும் தவிர்க்கக்கூடாதது ஸ்டார் கண்ட்ரோல் 2 (1992). அதன் கதைப்பகுதிக்குப் பெயர் உண்டு; சூப்பர் மெலே என்ற மோதல் பகுதியை அதிகம் பேர் தொடுவதில்லை. மூலநிரல் 2002-ல் வெளியிடப்பட்டது, தி ஊர்-குவான் மாஸ்டர்ஸ் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. இணையம் வழியாகவும் ஆடலாம். 25 வகை விண்கப்பல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். ஊர்-குவான் ட்ரெட்நாட் 30, ஷோஃபிக்ஸ்டி ஸ்கவுட் 5. அந்த ஐந்து மதிப்பெண் கப்பல் அருகில் போய்த் தன்னையே வெடித்துக்கொண்டு முப்பதைப் பலமாகச் சேதப்படுத்த முடியும். தேர்ந்தவர் 100 மதிப்பெண்ணில் படை அமைக்கட்டும், புதியவர் 150-ல். தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடட்டும். நடுவிலிருக்கும் கோளை நோக்கிப் பாய்ந்து ஈர்ப்பில் வேகம் எடுப்பதை எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிக்கொடுங்கள். மெதுவான கப்பல்கள் பிழைப்பது அதனால்தான்.

இதை ஒரே விசைப்பலகையில் ஆடாதீர்கள். ஆளுக்கு ஐந்து விசை. விசைப்பலகைக்குள் விசைகள் கிடைவரிசை, நெடுவரிசை என்று கட்டப்பட்டிருப்பதால், சில சேர்க்கைகளில் மூன்றாவது விசை பதிவாகாது. சரியாகச் சுடும் நொடியில் சுடாமல் போகும். 1998-ல் வந்த லியரோ என்ற ஃபின்லாந்து டாஸ் ஆட்டத்துக்கும் இதே சிக்கல், அதுவும் விடக்கூடாத ஆட்டம். இரண்டாவது யூஎஸ்பி விசைப்பலகை ஒன்றைச் செருகிவிட்டால் போதும், விண்டோஸ் இரண்டையும் சேர்த்தே படிக்கும். ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் பெட்டி குறுக்கே வரும், முன்பே அணைத்துவையுங்கள். பழைய டாஸ் ஆட்டங்களை ஓட்டும் டாஸ்பாக்ஸில் ஆட்டம் திணறினால் கண்ட்ரோலும் எஃப்12-உம் சேர்த்து அழுத்தி வேகத்தைக் கூட்டலாம்.

சேகா சேட்டர்ன் கையில் இருக்கும் யாராவது நண்பராக இருந்தால், அதன் டியூக் நூக்கெம் 3டி வட்டுக்குள் டெத் டேங்க் ஸ்வை என்ற ஏழு பேர் ஆட்டம் ஒளிந்திருக்கிறது என்று சொல்லுங்கள். க்வேக் ஆட்டத்தின் சேமிப்பு கன்சோலில் இருந்தால் அது திறக்கும். பின்மூடிக்குள் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால் சேமிப்பு நிற்காது, முதலில் அதை மாற்றவேண்டும்.

கடைசியாக, உங்கள் டிவியில் கேம் மோடைப் போடுங்கள். படத்தை மெருகேற்றும் வேலைகளால்தான் பல டிவிகளில் பொத்தானுக்கும் அசைவுக்கும் இடையே தாமதம் வருகிறது. பேடுகளை எமுலேட்டரைத் திறப்பதற்கு முன்பே, எப்போதும் அதே வரிசையில் செருகுங்கள். நடுவில் ஒன்றைப் பிடுங்கிச் செருகினால் எண்கள் மாறி, ஒருவர் இன்னொருவரின் நிலத்தை விற்றுக்கொண்டிருப்பார். அப்படியும் தாமதம் தீராத டிவி என்றால் அன்றைக்கு ஸ்கார்ச்ட் எர்த் (1991) போடுங்கள். பத்துப் பேர் வரை ஒரே விசைப்பலகையில் முறைவைத்து ஆடும் பீரங்கி ஆட்டம், கோணமும் விசையும் கணித்துச் சுடுவது. அதில் தாமதம் யாரையும் பாதிக்காது.

அன்புடன்